பக்கத்துக் கடை வெளிச்சம்

சேலம் புது பஸ் ஸ்டாண்டில் பட்டப்பகலில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அதை அழுகை என்று சொல்லலாமா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, அவ்வளவுதான். மனதில் துக்கம் எதுவும் இல்லை. அன்று காலை நல்ல உற்சாகத்தோடுதான் கிளம்பினேன்.

ராசிபுரத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். அது ஆவணி மாதம், முகூர்த்தம் நெருக்கம். ஒரே கல்யாண வீட்டுக்கு ஒன்பது பட்டு ஜாக்கெட் தைக்க வேண்டியிருந்ததால் விடிந்ததும் கடையைத் திறந்து, பதினொரு மணி வரை மிஷினை விட்டு எழாமல் தைத்தேன். பிறகு லைனிங் துணி எடுக்கச் சேலத்துக்கு பஸ் ஏறினேன். துணி எடுத்து, டவுன் பஸ்ஸில் புது பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பும்போது கண்ணில் மணல் விழுந்தது போல ஓர் உறுத்தல். தூசி என்று நினைத்து, இறங்கியதும் பாட்டில் தண்ணீரால் கழுவினேன். இன்னும் மோசமானது. கண்ணைத் திறந்தால் வெயில் ஊசியாகக் குத்தியது. மூடினால் உள்ளே மணலை வைத்து அரைப்பது போல இருந்தது. மதியம் இரண்டு மணி இருக்கும். ராசிபுரம் பஸ் எங்கே நிற்கிறது என்று பார்க்கக்கூட முடியாமல், கைக்குத் தட்டுப்பட்ட சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்தில் ஒரு பெண் குரல் கேட்டது. "யாரு சாமி போயிட்டாங்க?"

"யாருமில்லீங்க" என்றேன்.

"பாவம், சொல்ல வாய் வர மாட்டேங்குது" என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஜலகண்டாபுரத்துக்காரர் என்று பேச்சில் தெரிந்தது. முகத்தை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. போன தை மாதம் அவருடைய தங்கை இறந்ததையும், இரண்டு நாள் தண்ணீர்கூட இறங்காமல் கிடந்ததையும் சொன்னார். சொல்லச் சொல்ல அவரும் அழுதார். எனக்குக் கண் நோவு என்று அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? கையை விடுவித்துக்கொள்ளவும் மனம் வரவில்லை. கடைசியில் அவரே என்னை ராசிபுரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, கண்டக்டரிடம், "துக்கத்துக்குப் போறாங்க கண்ணு, பாத்து எறக்கி உடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கண்டக்டர் முன் சீட்டில் இருந்த ஒருவரை எழுப்பி எனக்கு இடம் கொடுத்தார். வழியெல்லாம் யாரோ இறந்துபோன வீட்டுக்குப் போகிறவளாகவே உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து ஜன்னலை அடைத்து, ஈரத் துணியைக் கண்ணில் போட்டுப் படுத்தேன். மறுநாள் மருந்துக்கடையில் பார்த்ததுமே, "மெட்ராஸ் ஐ. யார் பக்கத்துலயும் போகாதீங்க" என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். எனக்குக் கொக்கி தைத்து, ஹெம்மிங் பண்ணிக் கொடுக்கும் அக்கா வாசலோடு நின்று, "நாலு நாளைக்கு வரலைங்க, ஊட்டுல கொழந்தைக இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நியாயம்தான். ஆனால் அன்று சாயங்காலமே நோவு பாதியாகி, அடுத்த நாள் காலையில் கண் தெளிவாகிவிட்டது. ஒன்றுமே நடக்காதது போல இருந்தது. மெட்ராஸ் ஐ வந்தால் ஒரு வாரமாவது படுத்தும். இது என்ன கணக்கு என்று புரியவில்லை. ஆனாலும் ஒன்பது ஜாக்கெட் காத்திருந்தது. யோசிக்க நேரமில்லை.

என் கடை இருக்கும் சந்து பற்றிச் சொல்ல வேண்டும். ஒரே வரிசையில் நான்கு கடைகள். எதிரே ஒரு ஜவ்வரிசிக் குடோனின் நீளமான சுவர். நடுவில் ஒரு வண்டி போகும் அளவுக்குத்தான் வழி. எனக்கு அடுத்த கடை கிரில் பட்டறை. அதை நடத்தும் அண்ணன் ஐம்பது வயதை ஒட்டியவர். தாமே வெல்டிங் வைப்பார். அவர் மனைவி கம்பியைப் பிடித்துக்கொடுப்பார், கிரைண்டிங் போடுவார், பெயிண்ட் அடிப்பார். இரண்டு கடைக்கும் நடுவே சுவர் இருக்கிறது. அவர் வேலை செய்வது முன்வாசல் தகரத்துக்கு அடியில், நான் உட்காருவது என் கடைக்குள். நான் இருக்கும் இடத்திலிருந்து நெருப்புப் பொறி தெரியாது. தெரிந்தாலும் பார்க்க மாட்டேன். வெல்டிங்கைப் பார்த்தால் கண் போய்விடும் என்று சின்ன வயதிலிருந்தே தெரியும்.

அந்த வருடம்தான் அவர் ஆர்கான் வாயுவில் ஓடும் வெல்டிங் மிஷின் வாங்கியிருந்தார். புதிதாக வீடு கட்டுகிறவர்கள் இரும்பு கேட்டை விட்டுவிட்டு, பளபளவென்று எவர்சில்வரில், எஸ்.எஸ். கேட்டாகக் கேட்கிறார்கள். பழைய வெல்டிங் என்றால் படபடவென்று சத்தம், புகை, என் துணி வரைக்கும் வந்து விழும் பொறி. ஆர்கானில் இதெல்லாம் கிடையாது. சின்னதாக ஒரு வெளிச்சம், மெதுவாக ஒரு சீறல். "இப்பத்தாண்ணா நிம்மதி" என்று நானே அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

மூன்று வாரம் கழித்து மறுபடியும் வந்தது. காலையில் தைத்தேன், பிற்பகலில் மணல், சாயங்காலம் தாரை தாரையாகத் தண்ணீர். அக்கா மறுபடி நின்றுவிட்டார். இந்தத் தடவை ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டேன். துணியில் கோடு போடும் சாக்பீஸ் தூள், புதுத் துணியின் கஞ்சி, கண் மை. மையை நிறுத்தினேன். சாக்பீஸுக்குப் பதில் சோப்புத் துண்டால் கோடு போட்டேன். இரண்டு நாளில் சரியானது. எதை நிறுத்தியதால் சரியானது என்று தெரியாததால் எல்லாவற்றையும் நிறுத்தியே வைத்தேன்.

அந்த இரண்டாம் தடவையில், கண் கலங்கிச் சிவந்து, இமை வீங்கியிருந்த அன்றைக்கென்று பார்த்து என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். அவர் லாரி டிரைவர். நாக்பூர் லைன். மாதத்தில் ஐந்தாறு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். எங்கள் ஒரே மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். கடையை மூடிவிட்டு வந்தால் வீட்டில் நான் ஒருத்திதான்.

பையை வைக்காமலேயே என் முகத்தைப் பார்த்தார். "என்ன புள்ள, அழுதயா?"

"இல்லீங்க. கண்ணு நோவு."

"என்ன நோவு?"

"தெரீலீங்க. மெட்ராஸ் ஐங்கிறாங்க. ஆனா ரெண்டு நாள்ல போயிருது, மறுக்கா வந்துருது."

அவர் நம்பவில்லை என்பது தெரிந்தது. சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, "எதாச்சும் மனக்கஷ்டம்னா சொல்லு. நாம் பாட்டுக்கு வண்டி ஓட்டிட்டு இருக்கறேன், நீ இங்க தனியா கெடக்கற" என்றார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

"ஒண்ணுமில்லாம இப்பிடியா வீங்கும்?"

ஒன்றுமில்லாமல் இப்படி வீங்காதுதான். அவர் மூன்றாம் நாள் லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பினார். போகும்போது வழக்கத்துக்கு மாறாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

அதன் பிறகு எனக்கு விசித்திரமான சந்தேகங்கள் வந்தன. பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத பெண்ணும் அழுகை என்றே நினைத்தார், கட்டின புருஷனும் அழுகை என்றே நினைக்கிறார். ஒருவேளை உள்ளுக்குள் ஏதோ துக்கம் இருந்து, எனக்கே தெரியாமல் கண்வழியாக வருகிறதோ? மகள் போனதா, வீடு வெறிச்சென்று இருப்பதா? மிஷினை மிதித்துக்கொண்டே இதை நினைப்பேன். நினைத்தால் நிஜமாகவே கண் நிறையும். அப்போது வரும் கண்ணீர் எரியாது. அது வேறு கண்ணீர் என்று மட்டும் தெரிந்தது.

அடுத்து இன்னொன்றும் சேர்ந்தது. இடது கன்னமும் கழுத்தும் கறுத்துத் தோல் உரிய ஆரம்பித்தது. வயலில் நாற்று நட்டவளுக்கு அப்படி ஆனால் அர்த்தம் உண்டு. நான் காலை முதல் மாலை வரை நிழலில் உட்கார்ந்திருக்கிறவள்.

மூன்றாவது தடவை வந்தபோது ஹெம்மிங் அக்காதான் பிடிவாதமாக என்னைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். "இது ஒட்டுற நோவா இருந்தா எனக்கு எப்பவோ வந்துருக்கோணும். வாங்க, பாத்துட்டு வந்துரலாம்." முதல் நாள் மதியம் நோவு ஆரம்பித்திருந்தது. மறுநாள் காலையில் நாமக்கல்லில் டாக்டர் முன்னால் இருந்தோம். இளம் வயதுப் பெண். கண்ணில் மஞ்சள் மருந்து ஒன்றைத் தொட்டு வைத்து, நீல விளக்கைக் காட்டி வெகுநேரம் பார்த்தார்.

"வெல்டிங் வேலை பாக்கறீங்களா?"

"இல்லீங்க டாக்டர். தையல்."

"வெல்டிங்கைப் பாத்துட்டு நின்னீங்களா?"

"பக்கத்துல பட்டறை இருக்குதுங்க. ஆனா நான் அந்தப் பக்கம் திரும்பறதே இல்லீங்க."

அவர் குழம்பியது எனக்குத் தெரிந்தது. கருவிழியின் மேல் தோலில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் இருக்கின்றன, வெல்டிங் அடித்த கண்ணில்தான் இப்படி இருக்கும் என்றார். பிறகு என் கழுத்தைப் பார்த்தார். "கொஞ்சம் திரும்புங்க. இது என்ன கோடு?"

எனக்குத் தெரியவில்லை. அக்கா குனிந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, டேப்பு!" என்றார்.

இடது பக்கக் கழுத்து முழுக்க புதிதாகச் சிவந்திருந்தது. நடுவே ஒரு விரல் அகலத்துக்கு மட்டும், நேராக, சிவக்காமல் ஒரு பட்டை. கடையில் இருக்கும் நேரமெல்லாம் நான் அளவு டேப்பைக் கழுத்தில்தான் போட்டிருப்பேன். டேப் மறைத்த இடத்தில் மட்டும் தோல் பழைய நிறத்தில் இருந்தது.

"அப்ப கடையிலதான் பட்டிருக்கு" என்றார் டாக்டர். "வெல்டிங்ல நம்ம கண்ணுக்குத் தெரியற வெளிச்சம் மட்டும் இல்லைங்க. தெரியாத கதிரும் வரும், புற ஊதாக் கதிர். வெயில்ல இருக்கறதுதான், ஆனா இது ரொம்பக் கடுமை. படும்போது ஒண்ணும் தெரியாது. ஆறேழு மணி நேரம் கழிச்சுத்தான் வலிக்கும். நேராப் பாக்கணும்னு இல்லை, எதிலயாவது பட்டுத் திரும்பி வந்தாலும் போதும்."

"சுவர் இருக்குதுங்களே?"

"அதுதான் எனக்கும் புரியலை. போய்ப் பாருங்க."

பஸ்ஸில் வரும்போது எனக்கு நிம்மதியும் இல்லை, கோபமும் இல்லை. பட்டறை அண்ணன் நல்ல மனுஷன். என் மிஷின் ஸ்டாண்டு உடைந்தபோது கேட்காமலே ஒட்டவைத்துக் கொடுத்தவர். அவரிடம் போய் உங்களால்தான் என்று எப்படிச் சொல்வது? சொன்னாலும், சுவருக்கு இந்தப்பக்கம் எப்படி வந்தது என்று கேட்டால் என்ன பதில்?

அப்படியேதான் கேட்டார். "அதெப்பிடிங்க அம்மிணி? நெருப்பு வெக்கற எனக்கு ஒண்ணும் ஆவலை. செவுத்துக்கு அந்தப்பக்கம் இருக்கற உங்களுக்கு எப்பிடி ஆவும்?"

"எனக்குந் தெரீலீங்கண்ணா. டாக்டரு சொன்னதைச் சொல்றேன்."

அவர் கோபப்படவில்லை. தலையைச் சொறிந்தார். பிறகு தன் செல்போனில் டார்ச்சைப் போட்டு, அன்று பற்றவைத்துக்கொண்டிருந்த கேட்டின் மேல் வைத்தார். "நீங்க போயி மிஷின்ல ஒக்காருங்க. வெளிச்சம் எங்கயாச்சும் தெரியுதான்னு பாருங்க."

உட்கார்ந்தேன். சுவர்தான் தெரிந்தது. இடது பக்கம் திரும்பித் தெருவைப் பார்த்தேன். எதிர்க் குடோன் சுவரில், அவர் சாய்த்து வைத்திருந்த எஸ்.எஸ். தகடுகளில் ஒன்றில், அந்த செல்போன் விளக்கு முழுசாக, கண் கூசும்படி தெரிந்தது.

"அண்ணா, இங்க வாங்க" என்று கூப்பிட்டேன்.

அவர் வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தார். ஹெம்மிங் அக்கா உட்காரும் பாயிலும் உட்கார்ந்து பார்த்தார். அங்கிருந்து பீரோ மறைத்தது, எதுவும் தெரியவில்லை. கடைக்குள் இடமில்லை என்று தகடுகளை எதிர்ச் சுவரில் சாய்ப்பது அவர் வழக்கம். வரும்போது தகட்டின் மேல் வெள்ளைக் காகிதம் போல ஒரு பிளாஸ்டிக் ஒட்டியிருக்கும். அது இருக்கும் வரை பளபளப்பு கிடையாது. வேலைக்கு எடுக்கும் நாளில் உரித்துவிடுவார். உரித்த நாளில் எல்லாம் அந்தத் தகடு ஒரு கண்ணாடியாக நின்று, அவர் வைத்த வெல்டிங்கை நேராக என் இடது கன்னத்துக்கு அனுப்பியிருக்கிறது. விட்டு விட்டு எனக்கு நோவு வந்தது அதனால்தான். சாக்பீஸும் மையும் ஒரு பாவமும் செய்யவில்லை.

"தெரியாமப் போயிருச்சுங்க அம்மிணி" என்றார். முகம் தொங்கிப்போயிருந்தது. உடனே எழுந்து போய்த் தகடுகளைத் திருப்பி வைத்தார்.

அவர் மனைவி அதுவரை கிரைண்டர் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது மெதுவாக வந்து, "சாயங்காலமா மண்ணு போட்ட மாதிரி உறுத்துமுங்களா? வெளிச்சத்தப் பாக்க முடியாதுங்களா?" என்றார்.

"ஆமாங்க."

"ரெண்டா நாளு சரியாப் போயிருமுங்களா?"

"ஆமாங்க. உங்களுக்கெப்பிடித் தெரியும்?"

"எனக்கு வாரதுதானுங்களே அது. பத்து நாளைக்கொருக்கா வரும். கம்பியப் பிடிச்சுட்டு மூஞ்சியத் திருப்பிக்குவேன், அப்பவும் அடிச்சுரும். உருளைக்கிழங்க வெட்டிக் கண்ணுல வெச்சுட்டுப் படுத்துக்குவேன்."

மூன்று மாதமாக என் கண்ணைத் தினம் பார்த்தவர். "அப்ப எனக்கு அதுதான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே!"

அவர் தயங்கினார். கணவரை ஒரு தரம் பார்த்துவிட்டு, குரலைத் தணித்து, "நீங்க அழுவறீங்கன்னு நெனச்சனுங்க. ஊட்டுக்காரரு எப்பவும் லைன்லயே இருக்கறாரு, பொண்ணும் வெளியூர்ல. சந்துல எல்லாரும் அப்பிடித்தான் பேசிக்கிட்டாங்க. அதெப்பிடி நாம் போயிக் கேக்கறது?" என்றார்.

இந்த நோவு இன்னதென்று அறிந்த ஒரே ஆள் அவர்தான். அவரும் என் கண்ணீரைத் துக்கம் என்று நினைத்து ஒதுங்கிப் போயிருக்கிறார். அதைவிட, பத்து நாளைக்கு ஒரு தடவை கண் இப்படி எரிவதை ஒருத்தி வருடக்கணக்காக வெறும் உருளைக்கிழங்கோடு கடந்திருக்கிறாள், நான் பக்கத்தில் இருந்தும் பார்க்கவில்லை. அவர் கையைப் பார்த்தேன். முழங்கைக்குக் கீழே கறுத்து, சொரசொரப்பாக இருந்தது. அண்ணனின் இடது கண்ணின் ஓரத்தில் சதை மாதிரி ஏதோ வளர்ந்திருப்பதையும் அன்றுதான் கவனித்தேன். ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னவர்தான் அவரும்.

அடுத்த வாரம் அண்ணன் பட்டறையின் இரண்டு பக்கமும் கனத்த தார்ப்பாய் கட்டினார். தமக்கும் மனைவிக்கும் தலையில் மாட்டும் ஷீல்டு ஒவ்வொன்று வாங்கிவந்தார். நான் கட்டியான ஜீன்ஸ் துணியில் அவர் மனைவிக்குக் கழுத்து வரை மூடும் முழுக்கை அங்கி ஒன்று தைத்துக் கொடுத்தேன். புழுக்கமாக இருக்கிறது என்று முதல் நாளே கழற்றினார். பிறகு போட்டுக்கொள்ள ஆரம்பித்தார். சில நாள் போடுகிறார், சில நாள் ஆணியில் தொங்குகிறது. இருவரையும் கண் டாக்டரிடம் போகச் சொன்னேன். மனைவி போனார். அண்ணன் இந்த ஆர்டர் முடியட்டும், அந்த ஆர்டர் முடியட்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எனக்கு அதன்பின் கண் நோவு வரவில்லை. கன்னத்துக் கறுப்பு மட்டும் முழுதாகப் போகவில்லை. தோல் டாக்டர், இது வெல்டிங்கால் வந்ததாகவும் இருக்கலாம், இந்த வயதில் சும்மாவும் வரும் என்றார். எது என்று அவராலும் சொல்ல முடியவில்லை.

இதற்கிடையில் என் வீட்டுக்காரர் திரும்பி வந்தார். வந்ததும் வராததுமாக, "நாக்பூர் லைனை உட்டுட்டேன். ஓனருகிட்ட சொல்லிட்டேன். சேந்தமங்கலத்துல ஒருத்தரு முட்டை வண்டிக்கு ஆளு கேட்டாரு. டெய்லி ஊட்டுக்கு வந்துரலாம்" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

தகடு, தார்ப்பாய், டேப், டாக்டர் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். லாரிப் பட்டறைகளில் வருடக்கணக்காக நின்று பழகியவர், சட்டென்று புரிந்துகொண்டார்.

"அப்ப நீ அழுவவே இல்லையா?"

"அது கண்ணு நோவுங்க."

"அட!" என்றார். முகத்தில் சந்தோஷமும் இல்லாமல் ஏமாற்றமும் இல்லாமல் ஏதோ ஒன்று வந்து போனது. செல்போனைக் கையில் எடுத்தார். "அப்ப ஓனருக்குப் போனப் போட்டு, மறுக்கா நாக்பூருக்கே வாரேன்னு சொல்லிரட்டுமா?"

"வேண்டாங்க" என்றேன்.

"ஏன்?"

"தெரீலீங்க. வேண்டாம்."

அவர் செல்போனைப் பைக்குள் வைத்தார். இப்போது முட்டை வண்டிதான் ஓட்டுகிறார். சாயங்காலம் நான் கடையை மூடும் நேரத்துக்கு வந்துவிடுகிறார். சில நாள் அண்ணனோடு தார்ப்பாய்க்கு இந்தப் பக்கம் நின்று டீ குடித்துக்கொண்டிருப்பார். அன்று வேண்டாம் என்று ஏன் சொன்னேன் என்று அவர் மறுபடி கேட்டால், மிஷினில் உட்கார்ந்து அழுத அந்த எரியாத கண்ணீரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.